தடுப்பூசியும் தோள் நோவும்: நஷ்டஈடு கேட்கும் வழி

தடுப்பூசி போட்டுக்கொண்ட கை ஒன்றிரண்டு நாள் வலிப்பது யாவரும் அறிந்ததே. மூன்றாம் நாள் வலி தணிந்துவிடும். ஊசி போட்டுக்கொண்டதே மறந்துபோகும். ஆனால், மிகச் சிலருக்கு அவ்வாறு தணிவதில்லை. வாரங்கள் கழிகின்றன, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை. பரணிலுள்ள பாத்திரத்தை எடுப்பதற்கும், தலை வாரிக்கொள்வதற்கும், சட்டை மாட்டிக்கொள்வதற்கும் பிறர் துணை வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் உறக்கம் கலைந்துவிடுகிறது. ‘வாயு பிடித்திருக்கிறது’ என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்கின்றனர், தைலம் தடவுகின்றனர். தச்சு வேலை செய்பவருக்கும், சுவருக்கு வர்ணம் பூசுபவருக்கும், கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கும், சிகந்தராபாத்திலிருந்து பேருந்துக் கம்பியைப் பற்றி நின்றுகொண்டே நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் குமாஸ்தாவுக்கும் இது வெறும் நோவன்று. பிழைப்பையே பாதிக்கும் குறை.

இத்தகைய துன்பத்துக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா, உண்டாயின் அதை எங்கே, எப்படிக் கேட்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். ஹைதராபாத் நகரில் வாழும் தமிழர்களை மனத்திற்கொண்டு இது சொல்லப்படுகிறது. ஆயினும் இதில் வரும் சட்டங்கள் பெரும்பாலும் மத்திய சட்டங்களாதலால், நாகபுரியிலும் புனாவிலும் டில்லியிலும் உள்ள நம்மவருக்கும் இவை பொருந்தும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோள் நோவு பற்றிய வழக்கு தடுப்பூசிக்கு எதிரான வழக்கு அன்று. மருந்து நன்மருந்தாகவே இருக்கலாம். அதைச் செலுத்திய ஊசி இடம் தவறியிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால்தான் வழக்கு நிற்கும். இதை மறந்து, மருந்தையே பழித்து எழுதப்படும் மனுக்கள் பெரும்பாலும் முதற்படியிலேயே தடுக்கி விழுகின்றன.

உடற்கூற்றைச் சற்றுக் கவனிப்போம். நம் தோளின் புறத்தே, டெல்டாயிட் என்று டாக்டர்கள் குறிப்பிடும் முக்கோணத் தசை ஒன்று உள்ளது. வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலான தடுப்பூசிகளை அதில்தான் போடுகின்றனர். தோளின் உச்சியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை பருத்திருக்கும் நடுப்பகுதியே உரிய இடம். அதற்கு மேலே, எலும்பு முனைக்கு அடுத்தாற்போல், உராய்வைத் தடுக்கும் மெல்லிய நீர்ப்பை ஒன்றும் தசைநாண்களும் உள்ளன. ஊசி மிக உயரத்தில் இறங்கினால், தசைக்குச் செல்ல வேண்டிய மருந்து அந்த நீர்ப்பையிலோ, அதன் அடியிலுள்ள மூட்டுப் பகுதியிலோ சென்று தங்குகிறது. நோயை எதிர்க்க உடலைத் தூண்டுவதே தடுப்பு மருந்தின் வேலை; இருக்கக் கூடாத இடத்தில் அந்தத் தூண்டுதல் நிகழ்ந்தால், அங்கே அழற்சி ஏற்பட்டு, மூட்டு இறுகுகிறது. சட்டைக் கையை முழுவதும் மடக்காமல், கழுத்துப் பட்டியைத் தோளுக்கு இறக்கி ஊசி போடும்போது உயரம் தவறுவதற்கு வாய்ப்பு மிகுதி. ஊசி போடுபவர் நின்றுகொண்டும், போட்டுக்கொள்பவர் உட்கார்ந்துகொண்டும் இருக்கும்போதும் அப்படியே. நீண்ட வரிசையும் அவசரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் இத்தகைய 13 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2010-இல் வெளிவந்த பிறகு, இந்நோவுக்குத் தனிப் பெயர் ஏற்பட்டது. தடுப்பூசி போடும் முறையால் நேரும் தோள் காயம் என்பது அதன் பொருள்; ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘சிர்வா’ என்கின்றனர். இதன் அடையாளங்கள் தெளிவானவை. முன்பு அந்தத் தோளில் நோவு இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும். அந்நோவுக்கு வேறு காரணம் இருத்தல் கூடாது. கடைசி நிபந்தனைதான் நம்மவர்களுக்குக் கடினமானது. நீரிழிவு உள்ளவர்களுக்கு எந்த ஊசியும் இல்லாமலே தோள் இறுகிப்போவது உண்டு. நம்மிடையே நீரிழிவோ ஏராளம். ஆகவே, ‘இது சர்க்கரை வியாதியால் வந்தது’ என்ற பதிலை எதிர்த்தரப்பு சொல்லும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். அதற்கு மறுமொழி காலக் கணக்கில்தான் இருக்கிறது. சர்க்கரை வியாதியால் இறுகும் தோள் மெல்ல மெல்ல இறுகும். ஊசியால் நோகும் தோள் ஓரிரு நாளில் திடீரென நோகும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பொது நிதி இருக்கிறது. 1986-இல் இயற்றிய சட்டத்தின்படி, 1988 அக்டோபர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரியாகப் பெற்று, அந்த நிதியிலிருந்து நஷ்டஈடு வழங்குகின்றனர். யார் குற்றவாளி என்று அங்கே கேட்பதில்லை. நேர்ந்த தீங்கு அட்டவணையில் உள்ளதா என்பதே கேள்வி. 2017 மார்ச்சில் தோள் காயமும் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சமீப ஆண்டுகளில் அந்நிதியை நாடிவரும் மனுக்களில் பாதிக்கு மேற்பட்டவை தோள் பற்றியவையே. முதல் அறிகுறி தோன்றிய 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நோவு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் தங்கி அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும்படி ஆகியிருக்க வேண்டும். கோவிட் தடுப்பூசிகள் மட்டும் அங்கே வேறொரு திட்டத்தில் அடங்கின. அதற்கு ஓராண்டே கெடு. பிரிட்டனில் 1979-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால், 60 சதவீத ஊனம் ஏற்பட்டவருக்கே அச்சட்டப்படி தொகை கிடைக்கும். தோள் ஒன்று நோவதால் அந்த அளவை எட்டுவது மிக அரிது.

இந்தியாவில் 2021-இல் கோடிக்கணக்கானவர்களுக்குக் கோவிட் தடுப்பூசி போடப்பட்டபோது இத்தகைய நிதி ஏதும் இல்லை. தடுப்பூசிக்குப் பின் தம் பெண்களை இழந்த பெற்றோர் இருவர் அவ்வாண்டே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். ரச்சனா கங்கு எதிர் இந்திய அரசு என்பது அவ்வழக்கின் பெயர். 2022 நவம்பரில் மத்திய அரசாங்கம் அளித்த பதிலுரையில், தடுப்பூசி போட்டுக்கொள்வது விருப்பத்தைப் பொறுத்ததே என்றும், குற்றம் யாருடையது என்று பாராமல் அரசாங்கத்தைப் பொறுப்பாக்குவது சட்டத்துக்கு ஒவ்வாது என்றும், தீங்கு நேர்ந்தவர் கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் கூறியது. அதே 2022-இல், இத்தகையவர்களுக்கு நஷ்டஈட்டுக் கொள்கை ஒன்றை வகுக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது; பின்னர் அதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அந்தப் பதிலுரை ஆறுதல் தந்திருக்காது. எவருடைய தவறும் இல்லாமல் இரத்தம் உறைந்து இறந்த ஒருவருக்காக, யாருடைய கவனக்குறைவை நிரூபிப்பது? ஆனால், தோள் நோவு உற்றவரின் நிலை வேறு. ஊசி உரிய இடத்தில் போடப்படவில்லை என்ற கவனக்குறைவே அவருடைய வழக்கு முழுவதும். அரசாங்கம் எந்தக் கதவைச் சுட்டியதோ, அந்தக் கதவுக்கு ஏற்ற சாவி அவரிடம் இருக்கக்கூடும்.

இனி, எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது? இதற்கு விடை, ஊசி எங்கே போட்டுக்கொண்டீர்கள், அதற்குப் பணம் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குட்பட்ட ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் சாந்தா என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் இடங்களை மட்டும் அது விலக்கியது. சிலரிடம் பணம் பெற்று, சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியாயின், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. 2019-இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது, இனி டாக்டர்கள் அதில் சேர மாட்டார்கள் என்று வாதிட்டவர் உண்டு. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2022-இல் அம்முடிவை மாற்றவில்லை.

ஆகவே, தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். 2021-இல் ஹைதராபாத்தின் பல கம்பெனிகள், ஆஸ்பத்திரிகளுடன் ஏற்பாடு செய்துகொண்டு, அலுவலகத்திலேயே முகாம் நடத்தின. அங்கே பணம் கொடுத்தது முதலாளி. தோளைக் கொடுத்தது தொழிலாளி. இதனால் தொழிலாளிக்கு உரிமை இல்லாமற் போய்விடாது. பணம் கொடுத்தவரின் சம்மதத்துடன் சேவையின் பயனைப் பெற்றவரும் நுகர்வோர் என்பது சட்டத்தின் வாசகம். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளைப் பற்றியும், ரயில்வே ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகள் அளித்தது. சம்பளத்தில் சந்தா பிடிக்கப்படும் தொழிலாளி பெறும் சிகிச்சை இலவசம் ஆகாது. ரயில்வே ஊழியருக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சிகிச்சை உத்தியோக நிபந்தனைகளில் ஒன்று, அதுவும் தானம் ஆகாது. சிகந்தராபாத்தில் ரயில்வே உத்தியோகத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இத்தீர்ப்புகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நுகர்வோர் ஆணையம் வெளியூரில் வாழ்பவருக்கு ஒரு பெருவசதியை அளிக்கிறது. பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊரிலோ, காரியம் நடந்த ஊரிலோதான் வழக்குத் தொடர முடிந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையீட்டாளர் வசிக்கும் ஊரிலும், அவர் தொழில் செய்யும் ஊரிலும் தொடரலாம். ஹைதராபாத்தில் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு உத்தியோக மாற்றத்தால் திருச்சிக்குச் சென்றுவிட்டவர் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். விடுமுறைக்கு மதுரைக்குச் சென்று, அங்கே ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர், ஹைதராபாத்தில் முறையிடலாம். இவ்வசதியை அறியாமல், ‘ஊர் விட்டு ஊர் போய் யார் அலைவது’ என்று கைவிட்டவர்கள் பலர்.

எந்த நிலை ஆணையம் என்பதைக் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை. சேவைக்காகக் கொடுத்த விலையே தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த காரியங்கள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. 2021-இல் தனியார் ஆஸ்பத்திரியில் கோவிஷீல்டு ஊசிக்கு மத்திய அரசாங்கம் விதித்த உச்ச விலை 780 ரூபாய். ஆதலால், எத்தனை லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் தோள் வழக்கு மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும். விலை 5 லட்சத்துக்கு உட்பட்டதாதலால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மின்வழியிலும் மனுவைத் தாக்கல் செய்யலாம். நேரில் வர இயலாதவர் காணொலி மூலம் விசாரிக்குமாறு விண்ணப்பிக்கலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையம் ஆலோசனை கூறும். ஆனால், கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்க இடம் உண்டு. மன்னிப்பை நம்பிக் காலத்தைக் கழிப்பது விவேகம் ஆகாது. சாதாரண முறையீட்டை 3 மாதத்துக்குள் தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இலவசமாக ஊசி போட்டுக்கொண்டவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் திறவாது. நம்மில் மிகப் பலர் அங்கேதான் போட்டுக்கொண்டோம். அவர்களுக்கு உரியது உரிமையியல் நீதிமன்றம். வழக்குத் தொடுப்பதற்கு 2 மாதம் முன்பாக, மாநில அரசின் செயலாளர் ஒருவருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு. அரசாங்க டாக்டரின் கவனக்குறைவுக்கு அரசாங்கமே பொறுப்பு என்பதில் ஐயம் வேண்டாம். ஹரியானா அரசு எதிர் சாந்த்ரா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை உறுதி செய்தது. அங்கே வழக்காடியவர் ஓர் ஏழைக் கூலிப் பெண் என்பது குறிப்பிடத்தக்கது. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்டந்தோறும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உரிமையியல் வழக்கின் காலவரம்பு வழக்கின் தன்மைக்கேற்ப மாறுவதால், முதல் ஆண்டுக்குள்ளாகவே வக்கீலைக் கண்டு கேட்டுக்கொள்வது உத்தமம்.

எந்த நீதிமன்றமாயினும் நிரூபிக்கும் பாரம் முறையிடுபவருடையதே. தீங்கு நேர்ந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்யக்கூடாததைச் செய்தார் என்று காட்ட வேண்டும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. இதில் ஹைதராபாத் நகரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மருத்துவக் கவனக்குறைவு பற்றிய இரு பெருந்தீர்ப்புகள் இவ்வூர் வழக்குகளிலிருந்து பிறந்தவை.

ஒன்று, 2010-இல் வந்த கிஷன் ராவ் வழக்கு. அவர் மலேரியா ஒழிப்புத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய மனைவிக்கு வந்த மலேரியாவை டைஃபாய்டு என்று கருதி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியம் செய்தனர். அந்த அம்மையார் காலமானார். மாவட்ட மன்றம் 2 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. நிபுணர் சாட்சியம் இல்லை என்று மேல் ஆணையங்கள் அதைத் தள்ளின. உச்ச நீதிமன்றமோ, எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயம் அன்று என்று கூறி, மாவட்ட மன்றத்தின் உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது. மற்றொன்று, நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தைப் பற்றிய 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1990-இல் அங்கே மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 20 வயது பொறியியல் மாணவர் ஒருவர் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, உச்ச நீதிமன்றத்தில் அவர் தமக்காகத் தாமே வாதாடினார். ஒரு கோடி ரூபாய் பெற்றார். காயம் நேர்ந்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டு கழிந்துவிட்டன.

கிஷன் ராவ் தீர்ப்பைக் காட்டி, டாக்டர் சாட்சியம் இல்லாமலே தோள் வழக்கை வென்றுவிடலாம் என்று எண்ணுவது பொருந்தாது என்பது என் கருத்து. ஊசி இரண்டு விரற்கடை உயர்ந்துபோனதா என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும் காரியம் அன்று. எலும்பு வைத்திய நிபுணர் ஒருவரின் எழுத்து மூலமான கருத்து வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் நீர்ப்பை வீக்கமோ, தசைநாண் காயமோ தெரிந்தால் அது பெருந்துணை. எல்லாவற்றுக்கும் மேலாக, வலி முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கியது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் சென்று, ‘ஊசி போட்ட அன்றே வலித்தது’ என்று சொன்னால், அது உண்மையேயாயினும், வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். ஆகவே, நான்காம் நாளும் தோள் தூக்க முடியவில்லையெனில் டாக்டரிடம் செல்லுங்கள். தொடங்கிய நாளைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊசி போட்ட புள்ளி தெரியும்போதே, தோள் உச்சியும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். கோவிட் தடுப்பூசிச் சான்றிதழில், ஊசி போட்ட இடமும் போட்டவர் பெயரும் இருக்கும்; மற்றத் தடுப்பூசிகளுக்கு ரசீதையும் மருந்தின் தொகுதி எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். உங்களைப் பற்றிய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை நீங்கள் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. அரசாங்க நிலையமாயின், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

இன்னொரு காரியத்தைப் பலர் செய்வதில்லை. தடுப்பூசிக்குப் பின் நேரும் தீங்குகளைப் பதிந்து ஆராய அரசாங்கத்திலேயே ஓர் ஏற்பாடு உண்டு. மாவட்டத் தடுப்பூசி அதிகாரியிடம் அறிவித்தால், அவர் அதைப் பதிந்து மேலே அனுப்ப வேண்டும். நிலைத்த ஊனம் உண்டாக்குவது கடுமையான விளைவு என்ற வகையில் சேரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, காரணங்களை ஐந்தாகப் பகுக்கின்றனர்: மருந்தின் இயல்பால் நேர்ந்தது, மருந்தின் தரக் குறைவால் நேர்ந்தது, போட்ட முறையின் பிழையால் நேர்ந்தது, அச்சத்தால் நேர்ந்தது, தற்செயலாக உடன் நிகழ்ந்தது. நம் தோள் நோவுக்குரிய பெட்டி மூன்றாவது. அரசாங்கக் குழுவே அதில் சேர்த்துவிட்டால், அதைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை.

இந்த மூன்றாவது பெட்டியின் அருமையை உணர ஒரு பழைய வரலாறு உதவும். 1902 அக்டோபரில், பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்ற கிராமத்தில், பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் வில்வாத ஜன்னியால் இறந்தனர். மருந்தை உருவாக்கிய ஹாஃப்கின் என்ற விஞ்ஞானியின் மீது பழி விழுந்தது, பதவியும் போயிற்று. புட்டியைத் திறந்தபோது பயன்படுத்திய இடுக்கி தரையில் விழுந்து மாசுபட்டிருந்ததே காரணம் என்ற வாதம் மேலோங்கி, 1907-இல்தான் அவர் குற்றமற்றவரானார். இந்த நகரத்திலேயே, 2019 மார்ச்சில், நாம்பள்ளியில் ஒரு சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டபின், காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால் மாத்திரைக்குப் பதிலாக, டிரமடால் என்னும் கடுமையான வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டனர். குழந்தைகள் பலர் நிலோஃபர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. தடுப்பு மருந்தில் குற்றம் இல்லை. கை மாறிய மாத்திரையில் இருந்தது. கோவாக்சின் முதலிய பல தடுப்பு மருந்துகளை உலகுக்குச் செய்தளிக்கும் ஊர் ஹைதராபாத். மருந்து வேறு, அதைக் கையாளும் கை வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இவ்வூரில் வேரூன்றுவது நல்லது.

எதையெல்லாம் கேட்கலாம்? வைத்தியச் செலவு, மூட்டுப் பயிற்சிச் செலவு, இழந்த ஊதியம், இனி இழக்கப்போகும் ஊதியம், நோவும் மனத் துன்பமும், வழக்குச் செலவு. ஆறு மாதத்தில் குணமாகும் தோளுக்குப் பெருந்தொகை வராது. வரும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அரசாங்கக் காகிதங்களில் ‘நஷ்டஈடு’ என்றும், ‘கருணைத் தொகை’ என்றும் இரு சொற்கள் வரும். முன்னது உரிமை, பின்னது தயவு. கருணைத் தொகை பெறுவதனால் மட்டும் நஷ்டஈடு கேட்கும் உரிமை அற்றுப்போவதில்லை. ஆனால், ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திட்டால் அற்றுப்போகக்கூடும். புரியாத மொழியிலுள்ள காகிதம் எதுவாயினும், படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திட வேண்டும்.

மொழியைப் பற்றிப் பேசுகையில், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் கவனித்த ஒன்றையும் கூற வேண்டும். தமிழில் தோள் முதல் விரல் நுனி வரை எல்லாம் ‘கை’தான். தெலுங்கிலும் பேச்சு வழக்கில் அவ்வாறே. நாம் டாக்டரிடம் ‘கை வலி’ என்கிறோம். அவர் ஆங்கிலத்தில், மணிக்கட்டுக்குக் கீழுள்ள உறுப்பைக் குறிக்கும் சொல்லைச் சீட்டில் எழுதிவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து ஆணையத்தின் முன் அந்தச் சீட்டு வரும்போது, ‘இவருக்கு நோவு தோளில் இல்லையே!’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்துக் காட்டுவார். ஆகவே, எலும்பு முனையைத் தொட்டுக் காட்டி, ‘தோள் மூட்டு’ என்று சொல்ல வேண்டும். வலமா இடமா என்பதையும், கை எந்த உயரம் வரை எழும்புகிறது என்பதையும் எழுதச் செய்ய வேண்டும். ஊரில் தமிழில் எழுதி வாங்கிய சீட்டுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்கும்போதும், ‘கை’ என்ற சொல் வரும் இடமெல்லாம், டாக்டரையே கேட்டு, எந்த உறுப்பு என்று தெளிந்த பின்னரே எழுத வேண்டும்.